ரேடியோ இரைச்சலை வயலினுக்கு எழுதிய ராக் கிட்டாரிஸ்ட்

வணக்கம். பாம்பன், தொண்டி, கீழக்கரை என்று நம் கரையோரத்தில் ரேடியோவோடு வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ராத்திரி இலங்கை வானொலியைத் தேடி முள்ளை நகர்த்தும்போது, இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் 'உஸ்ஸ்' என்று ஒரு இரைச்சல் வரும். அந்த இரைச்சலையே ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிய ஒருவரைப் பற்றித்தான் இந்த வீடியோ.

[திரையில்: மேடையில் ரேடியோஹெட்]

ஜானி கிரீன்வுட். ரேடியோஹெட் என்ற ராக் குழுவின் கிட்டாரிஸ்ட், சின்ன வயதில் வயோலா (வயலினைவிடக் கொஞ்சம் பெரிய கருவி) வாசித்தவர். பிபிசி கன்சர்ட் ஆர்கெஸ்ட்ரா 2004ல் அவரை இசையமைப்பாளராகச் சேர்த்துக்கொண்டது, மறு வருடமே அந்த இரைச்சலை வைத்து எழுதிய 'பாப்கார்ன் சூப்பர்ஹெட் ரிசீவர்' என்ற படைப்பு வந்தது. சூப்பர்ஹெட் என்பது வீட்டு ரேடியோவுக்குள் இருக்கும் சர்க்யூட் வகைதான்.

[திரையில்: 34 புள்ளிகள், ஒவ்வொன்றாக]

சரி, எப்படி எழுதினார்? வழக்கமாக ஆர்கெஸ்ட்ராவில் பத்துப் பன்னிரண்டு வயலின் இருந்தாலும் எல்லோரும் சேர்ந்து ஒரே மெட்டைத்தான் வாசிப்பார்கள். இதில் 34 தந்திக் கருவிகள், 34 பேருக்கும் தனித்தனி பாகம். இரைச்சல் என்றால் எக்கச்சக்கமான சுருதிகள் ஒரே நேரத்தில் ஒலிப்பது, அதனால் பக்கத்துப் பக்கத்துச் சுருதிகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்து நெருக்கி அடுக்கினால் தனி ஸ்வரம் எதுவும் காதில் நிற்காது, எல்லாம் ஒரே படலமாகிவிடும், அதற்குள்ளிருந்து திடீரென்று ஒரு இனிமையான இழை மேலே வந்து மறுபடி உள்ளே போய்விடும்.

இந்த வழியைக் காட்டியவர் போலந்து இசையமைப்பாளர் பெண்டரெட்ஸ்கி. ஹிரோஷிமாவில் இறந்தவர்களுக்கு அர்ப்பணித்த அவருடைய 'திரெனடி' 1960ல் எழுதியது, 52 தந்திக் கருவிகளுக்கு.

ராக் பாட்டில் வயலின் கூட்டம் பெரும்பாலும் பின்னால் நின்று பாட்டை அழகாக்கும், அவ்வளவுதான். கிரீன்வுட் கிட்டாரையும் டிரம்ஸையும் மொத்தமாக வெளியே வைத்துவிட்டு, வாசிக்கிற ஒவ்வொருவரையும் தனி ஆளாக நினைத்து எழுதினார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

'பாப்கார்ன் சூப்பர்ஹெட் ரிசீவர்' இசையின் சில பகுதிகள் 2007ல் 'தேர் வில் பி பிளட்' படத்திலும் வந்தன. ஏற்கெனவே எழுதிய இசை கலந்திருக்கிறது என்று ஆஸ்கர் போட்டியில் அந்தப் படத்தின் இசையைச் சேர்க்கவில்லை. என்னைக் கேட்டால், பெரிய இழப்பு.

2012ல் பெண்டரெட்ஸ்கியும் கிரீன்வுட்டும் சேர்ந்து ஒரு ஆல்பம் வெளியிட்டார்கள், இந்த இரண்டு படைப்புகளும் அதில் இருக்கின்றன. முதலில் 'திரெனடி', அப்புறம் இது. தயவுசெய்து ஹெட்போனில் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் டபுள் பாஸ் (அடித்தொண்டை மாதிரி ஒலிக்கும் பெரிய தந்திக் கருவி) வாசிப்பது பாதிகூடக் கேட்காது.