ரேடியோகிராம்: ப்ளக்கைச் சொருகறதுக்கு முன்னாடி இந்த ஒரு கண்டன்சர்!

வணக்கம் மக்களே. இன்னைக்குக் கொஞ்சம் கடுப்புலதான் கேமராவை ஆன் பண்ணியிருக்கேன். எல்லாரும் ஒரே ரீல்ஸை எனக்கு அனுப்பிக்கிட்டே இருக்கீங்க. மூலைல கிடந்த வால்வு ரேடியோகிராமை (ரேடியோவும் ரெக்கார்டு பிளேயரும் ஒண்ணா இருக்கற, கண்ணாடி வால்வுல ஓடற பெட்டி) தூசி தட்டி, நேரா ப்ளக்கைச் சொருகி, "பாத்தீங்களா, இன்னும் பாடுது!"ன்னு ஒருத்தர் குதிக்கிறாரே, அதுதான். பாடும்ங்க. கொஞ்ச நேரம் நல்லாவே பாடும். அப்புறம் ஸ்பீக்கருக்குச் சிக்னல் அனுப்பற அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகற வாசனை வரும்.

நான் முதல்ல எதை எடுப்பேன்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும். சீரிஸ் போர்டு, அதாவது செட்டுக்குப் போற கரண்ட் ஒரு பல்பு வழியாப் போற போர்டு. 100 வாட் குண்டு பல்பு. எல்.இ.டி. பல்பு இதுக்கு உதவவே உதவாது. செட்டை ஆன் பண்ணதும் பல்பு பளிச்னு எரிஞ்சு மங்கினா சரி. முழு வெளிச்சத்துலயே நின்னா உள்ளே ஷார்ட், உடனே அணைச்சிடுங்க. ரெக்கார்டைச் சுத்தற டர்ன்டேபிள் மோட்டார் இப்போ ஓடக் கூடாது.

இப்ப நம்ம வில்லன். ஈ.எல்.84 அவுட்புட் வால்வு இருக்குல்ல, அதோட 2-ஆவது பின்தான் கிரிட், வால்வுல ஓடற கரண்ட்டைக் கட்டுப்படுத்தற முனை. முந்தின வால்வோட பிளேட்லேருந்து (வால்வோட பாசிட்டிவ் முனை) அந்த பின்னுக்கு ஒரு பாயிண்ட் ஜீரோ ஒன் மைக்ரோஃபாரட் கண்டன்சர் வரும், சிக்னலை விட்டு டி.சி.யைத் தடுக்கறது அதுதான். மெழுகு பூசின பேப்பர் டைப். இத்தனை வருஷத்துல ஈரம் குடிச்சிருக்கும். ஒரு பக்கம் 100 வோல்ட் டி.சி., கண்டன்சர் கசிவு 10 மெகா ஓம், கிரிட்லேருந்து சேஸிஸுக்கு (உலோக அடித்தட்டு) போற ரெசிஸ்டர் 470 கே (கிலோ ஓம்). கணக்குப் போடுங்க: கிரிட்ல நாலரை வோல்ட் பாசிட்டிவ் ஏறும். அந்த வால்வோட கரண்ட்டை அடக்கி வைக்கற நெகட்டிவ் பயாஸே 7 வோல்ட் சொச்சம்தான்! கரண்ட் எகிறும், பிளேட் சிவக்கும், டிரான்ஸ்ஃபார்மர் போகும்.

"மீட்டர்ல ஓபன், கசிவே இல்லைன்னுதானே காட்டுது"ம்பீங்க. மீட்டர் சின்ன வோல்டேஜ்ல அளக்குது, 100 வோல்ட் ஏறினாத்தான் சில கண்டன்சர் கசியும். அதனால சீரிஸ் பல்போடவே ஓட விட்டு, 2-ஆவது பின்னுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல டி.சி. பாருங்க. கிட்டத்தட்ட பூஜ்யம் வரணும். பாசிட்டிவ் வந்தா, அணைச்சு ஈ.எல்.84-ஐக் கழட்டிட்டுத் திரும்பப் பாருங்க. அப்பவும் இருந்தா கண்டன்சர், மறைஞ்சா வால்வே கெட்டுப் போச்சு. என்னைக் கேட்டா டெஸ்ட் எதுவும் வேண்டாம், கண்ணை மூடிக்கிட்டு மாத்துங்க. 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன். ஒரு டீ, ஒரு வடை காசு! அதை மிச்சம் பிடிச்சுட்டு டிரான்ஸ்ஃபார்மரை ரீவைண்ட் பண்ண ஆள் தேடறவங்களை என்ன சொல்றது!

ஐயோ, ஒண்ணு விட்டுட்டேன். சேஸிஸ்ல கை வைக்கறதுக்கு முன்னாடி, டி.சி.யைச் சீராக்கற ஃபில்டர் கண்டன்சர்ல மிச்சமிருக்கற சார்ஜை டிஸ்சார்ஜ் பண்ணுங்க. 4.7 கே, 5 வாட் ரெசிஸ்டர், இன்சுலேஷன் உள்ள க்ளிப். ஸ்க்ரூடிரைவர் வெச்சுப் பொறி கிளப்பற வேலை வேண்டாம். அப்புறம் மீட்டர்ல பூஜ்யமான்னு பாத்துட்டுத்தான் தொடணும். ஃபில்டர்னதும் ஞாபகம் வருது. ஏ.சி.யை டி.சி.யாக்கற ரெக்டிஃபையர் வால்வு ஈ.இசட்.81-ன்னா முதல் ஃபில்டர் 50 மைக்ரோஃபாரடைத் தாண்டக் கூடாது. ஸ்பீக்கர்ல உறுமற ஹம் குறையுமேன்னு 100 மாட்டினா, சார்ஜ் ஆகற ஒவ்வொரு தடவையும் கரண்ட் பாய்ச்சல் வால்வு தாங்கறதை மீறும்.

எலக்ட்ரானிக்ஸ் இவ்வளவு போதும், மீதி பேப்பர் கண்டன்சரையும் ஒண்ணொண்ணா மாத்துங்க. மொத்தமா வெட்டிப் போட்டா எது எங்க இருந்ததுன்னே தெரியாது.

இனி சேஞ்சர், ரெக்கார்டைத் தானா மாத்திப் போடற பகுதி. பழைய கிரீஸ் இறுகிப் பிசின் மாதிரி ஆகியிருக்கும். ஐசோப்ரொப்பைல்ல துடைச்சு, மோட்டார் பேரிங்ல ரெண்டு சொட்டு தையல் மெஷின் ஆயில். மோட்டார் சுத்தறதைத் தட்டுக்குக் கடத்தற ஐட்லர் சக்கர ரப்பர்ல எண்ணெய் படவே கூடாது. அந்த ஸ்பிரிட் துணியோட 78 ரெக்கார்டு (நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்தற அரக்கு ரெக்கார்டு) பக்கமும் போயிடாதீங்க, அரக்கு கரைஞ்சிடும்.

ஸ்பீடு பாக்க, சுத்தி சம இடைவெளில கோடு போட்ட ஸ்ட்ரோப் தட்டு: நம்ம 50 சைக்கிள் கரண்ட்டுக்கு 33⅓-க்கு 180 கோடு, 78-க்கு 77 கோடு. குண்டு பல்பு வெளிச்சத்துல கோடு அசையாம நின்னா ஸ்பீடு சரி. பின்னாடி நகர்ந்தா ஐட்லர் வழுக்குது, ரப்பரை நைஸ் எமரி பேப்பர்ல லேசா தேய்ச்சுட்டு மறுபடி பாருங்க.