அம்மை என்று நினைத்த மூன்று நாள்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஈரோட்டுப் பக்கம் தோல் மருத்துவராக இருக்கிறேன். சில வருடங்களுக்கு முன், ஒரு பங்குனி மாதம், கோபிக்குப் பக்கத்து ஊரிலிருந்து பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நல்ல காய்ச்சல். கண் இரண்டும் சிவந்து ஒட்டியிருந்தன. உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது, எச்சில் விழுங்க முடியவில்லை. முதுகில் கை வைத்த இடத்தில் தோல் கழன்று வந்தது.

“ஆத்தா வந்திருக்குதுன்னு வேப்பிலையில படுக்க வெச்சிருந்தமுங்க. மூணு நாளா ஒரு மருந்தும் குடுக்கலீங்க” என்றார் அவளுடைய அம்மா. அப்புறம், “வலிப்பு மாத்திரையை மட்டும் நிறுத்தலீங்க” என்றார்.

அந்த மாத்திரைதான் காரணம். கார்பமசெபைன் ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

அந்தத் தாய் மேல் தப்பே இல்லை. வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீர்கள் என்று சொல்வதே நாங்கள்தானே? அதோடு சொல்லியிருக்க வேண்டிய இன்னொன்றை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

கார்பமசெபைன், பெனிடாயின், பினோபார்பிட்டோன், லாமோட்ரிஜின் ஆகிய மாத்திரைகள் அபூர்வமாகச் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. உடம்பைக் காக்கிற அணுக்களே தோலை அழிக்க ஆரம்பிக்கும். 1922இல் இதை விவரித்து எழுதிய இரண்டு அமெரிக்க மருத்துவர்களின் பெயரால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் என்கிறோம். தோல் 30 சதவீதத்துக்கு மேல் உரிந்துவிட்டால் மூன்றில் ஒருவர் வரை இறக்க நேரிடுகிறது. பெரும்பாலும் மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள்தான் வரும்.

சின்னம்மையில் நீர்க்கொப்புளம் போடும், அரிக்கும். இதில் தோல் எரியும், வலிக்கும். கருஞ்சிவப்புத் திட்டுகள் பரவும், வாயும் கண்ணும் புண்ணாகும். ஆனால் எது என்று வீட்டில் முடிவு செய்ய வேண்டாம். அக்கி எழுதவும் போக வேண்டாம். புதிதாக வலிப்பு மாத்திரை சாப்பிடுபவருக்குக் காய்ச்சலோடு தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடுத்த வேளை மாத்திரை போடும் முன் டாக்டரைக் கேளுங்கள். அதை உடனே நிறுத்தி, வலிப்பு வராமல் வேறு மருந்து கொடுப்பார்கள். ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள் இதைக் கேட்டுப் பயந்து மாத்திரையை விட்டுவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் வந்து உயிருக்கே ஆபத்தாகும்.

மனசை வருத்துகிற விஷயம் ஒன்று உண்டு. நம் பக்கம், கல்யாணம் தட்டிப்போகும் என்று பெண்ணுக்கு வலிப்பு இருப்பதையே மறைக்கிறோம். புகுந்த வீட்டில் அரிசி டப்பாவுக்குள் மாத்திரையை ஒளித்து வைத்திருந்த பெண்ணைப் பார்த்திருக்கிறேன். உடம்பெல்லாம் தடித்த பிறகும் மாமியார் பக்கத்தில் இருந்ததால் என்னிடம் வாயே திறக்கவில்லை. தயவுசெய்து டாக்டரிடமாவது சொல்லிவிடுங்கள். தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள், மற்றவர்களை வெளியே அனுப்புவது எங்கள் பொறுப்பு.

கோபிப் பெண் பிழைத்துக்கொண்டாள். தோல் வளர்ந்துவிட்டது, கண்ணீர் சுரப்பது மட்டும் குறைந்துபோனது. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டேதான் படித்தாள். இப்போது வேறு மாத்திரையில் வலிப்பில்லாமல் இருக்கிறாள். கார்பமசெபைன் சேராதவர்களுக்குப் பெனிடாயினும் பினோபார்பிட்டோனும் சேராமல் போகலாம். அதனால் மூன்று பெயரையும் தமிழில் எழுதிய சீட்டு ஒன்று எப்போதும் அவள் பர்ஸில் இருக்கும். அவளுடைய அம்மா எழுதிக் கொடுத்தது.