நாற்றங்கால் ஒன்றுதான்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் செவிலியர். முடி நடும் அறையில் 11 வருஷம் வேலை பார்த்தேன். டாக்டர் பிடரியிலிருந்து எடுத்துப் போடுகிற முடிக்கால்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பிரிப்பதும் எண்ணுவதும் என் வேலை. தலையில் முடி பெரும்பாலும் கொத்தாகத்தான் முளைக்கும். ஒரு கொத்தில் ஒன்று முதல் நான்கு முடி வரை இருக்கும். அந்தக் கொத்தைத்தான் கிராஃப்ட் என்கிறார்கள். ஒற்றை முடிக் கொத்துகளைத் தனித் தட்டில் வைப்பேன், அவை நெற்றி ஓரத்துக்குப் போகும். மற்றவற்றைப் பத்துப் பத்தாக ஈரத் துணியில் அடுக்குவேன். வரிசை முடிந்ததும் எண்ணிக்கையை உரக்கச் சொல்ல, இன்னொரு பெண் பலகையில் எழுதுவாள். சாயங்காலம் அவள் 3,000 என்று எழுதும்போது என் கழுத்து மரக்கட்டையாகியிருக்கும்.

தஞ்சாவூர்ப் பக்கம் நடவு பார்த்து வளர்ந்தவள் நான். அந்த அறையில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் வயல்தான் ஞாபகத்துக்கு வரும். பிடரிதான் நாற்றங்கால். அங்கிருந்து பறிக்கிறோம், வழுக்கையில் நடுகிறோம். முன்தலை முடியைக் கொட்டவைக்கிற அதே ஹார்மோன் பிடரி முடியை அவ்வளவாக ஒன்றும் செய்வதில்லை. இடம் மாற்றி நட்டாலும் அந்த முடி தன் பிறவிக் குணத்தை விடாது. இதை நியூயார்க்கில் நார்மன் ஓரன்ட்ரைக் என்ற தோல் மருத்துவர் 1950-களில் காட்டினார். ஜப்பானில் ஷோஜி ஒகுடா 1939-லேயே முடியோடு சேர்த்துத் தோலை வட்டமாக எடுத்து நட்டு எழுதியிருக்கிறார். போர்க்காலம், வெளியுலகம் கவனிக்கவில்லை. இன்று எஃப்.யு.இ. என்று சொல்லும் முறையில் ஒரு மில்லிமீட்டரோ அதைவிடக் குறைவோ அகலமுள்ள சின்னக் குழல் கத்தியால் ஒவ்வொரு கொத்தையும் தனியாகத் தோண்டி எடுக்கிறார்கள். தையல் கிடையாது, நீளத் தழும்பும் கிடையாது.

வயலுக்கும் தலைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. விவசாயி அடுத்த போகத்துக்குப் புதிதாக விதை தெளிப்பார். பிடரியில் பறித்த இடம் பறித்ததுதான், அங்கே மறுபடி முளைக்காது.

என் அக்கா மகனுக்கு 24 வயது இருக்கும்போது ஒருநாள் போன் வந்தது. "சித்தி, ஒரே நாளில் 4,500 கிராஃப்ட் போடறாங்களாம். இந்த மாசம் மட்டும் பாதி விலையாம்" என்றான். குரலில் அப்படியொரு சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா என்று கூப்பிட்டு, ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவன் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் காதோரம் மட்டுமே முடி மிச்சம். இவன் தலையும் அங்கே போய் நிற்பதாக வைத்துக்கொண்டால், வெறுமையாகும் இடம் சுமார் 200 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 35 கிராஃப்ட் போட்டால் ஓரளவு முடி இருப்பதாகத் தெரியும். ஆக மொத்தம் 7,000 வேண்டும். பிடரியைக் கெடுக்காமல் ஆயுள் முழுக்க எடுக்கக்கூடியதே பெரும்பாலானவர்களுக்கு 5,000, 6,000-க்குள் அடங்கிவிடும். "24 வயசுல 4,500-ஐ முன்னாடி கொட்டிட்டா, 40 வயசுல உச்சந்தலை காலியாகும்போது என்னடா பண்ணுவே?" என்றேன். தாடியிலிருந்து எடுக்கலாம் என்றான். எடுக்கலாம். ஆனால் தாடி முடி தடித்தது, சுருண்டது. நடுத்தலையில் அடர்த்தி கூட்ட உதவுமே தவிர நெற்றி ஓரத்தில் வைத்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் நடுவதை மெகா செஷன் என்று விளம்பரப்படுத்துகிறார்களே, அதில் எண்ணிக்கையைத்தான் விற்கிறார்கள். பட்டுப்புடவைக்கடை ஆடித் தள்ளுபடி மாதிரி. எனக்கு அதில் கோபம் உண்டு. சில இடங்களில் கிராஃப்ட் கணக்கைச் சொல்லாமல் முடிக் கணக்கைச் சொல்வார்கள். 2,500 கிராஃப்ட் 5,000 முடியாகிவிடும். கேட்பவருக்கு இரட்டிப்பாகக் கிடைத்த மாதிரி இருக்கும்.

எடுத்த கொத்து வெளியே காத்திருப்பது இன்னொரு விஷயம். பறித்த நாற்றை வரப்பில் போட்டுவிட்டு யாரும் சாப்பிடப் போகமாட்டார்கள். பாபி லிம்மர் என்ற அமெரிக்க மருத்துவர் 1990-களில் இதை அளந்து பார்த்தார். 2 மணி நேரத்துக்குள் நட்டவற்றில் 95 சதவீதம் பிழைத்தன, 6 மணி நேரம் கழித்து நட்டவற்றில் 86, ஒரு நாள் கழித்து நட்டவற்றில் 79. அதுவும் குளிர்ந்த உப்புநீரில் பத்திரமாக வைத்திருந்தவை. 4,000-ஐயும் முதலில் பறித்து வைத்துவிட்டுப் பிறகு நடுவதா, கொஞ்சம் பறித்துக் கொஞ்சம் நடுவதா என்று நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டும். அவ்வளவு பெரிய வேலையை இரண்டு நாளாகப் பிரித்துச் செய்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் டாக்டர் காலையில் வந்து நெற்றியில் கோடு போட்டுவிட்டுப் போய்விடுவார். தோண்டுவதும் துளை போடுவதும் நடுவதும் எங்களைப் போன்றவர்கள்தான். மேசையில் குப்புறப் படுத்திருப்பவருக்கு எதுவும் தெரியாது. நானும் செய்திருக்கிறேன், மறைக்க விரும்பவில்லை. எட்டு மாதத்தில் அங்கிருந்து வந்துவிட்டேன். 2016-ல் சென்னையில் மருத்துவக் கல்லூரி இறுதியாண்டு மாணவர் ஒருவர் இந்தச் சிகிச்சைக்குப் போய் உயிரிழந்தார். மருத்துவம் படித்த பிள்ளைக்கே அந்த நிலை. பெரிய செஷன் என்றால் மரத்துப்போகும் ஊசி மணிக்கணக்கில் திரும்பத் திரும்பப் போடப்படும். உடல் எடைக்கு ஏற்ற அளவு தாண்டினால் வலிப்பு வரலாம், இதயமே நிற்கலாம். தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது; யூடியூப் பார்த்தோ பயிலரங்கில் உட்கார்ந்து பார்த்தோ கற்றுக்கொண்டது முறையான பயிற்சி ஆகாது என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. தோல் மருத்துவமோ பிளாஸ்டிக் சர்ஜரியோ படித்தவர்தானா, துளையை அவர் கையாலேயே போடுவாரா, அன்றைக்கு அவருக்கு எத்தனை மேசை, அவசரம் வந்தால் ஆக்சிஜன் எங்கே இருக்கிறது? இதையெல்லாம் கேட்டால் முகம் சுளிக்கிற இடத்திலிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். முன்தலைப் படங்களை ஆல்பம் ஆல்பமாகக் காட்டுவார்கள். பிடரியைக் காட்டச் சொல்லுங்கள். அளவுக்கு மீறி எடுத்த பிடரி பூச்சி அரித்த கம்பளி மாதிரி இருக்கும்.

அக்கா மகன் காத்திருந்தான். நாலு வருஷம் ஒரு தோல் மருத்துவரிடம் மருந்து எடுத்துக்கொண்டான், கொட்டுவது நின்றது. பிறகு 28 வயதில், முன்தலைக்கு மட்டும், 2,200. முதல் பத்து நாள் என் வீட்டில்தான் இருந்தான்.

முதல் ராத்திரி மூன்று தலையணை அடுக்கி, சாய்ந்தவாக்கில் படுக்கவைத்தேன். முக்கால் மணிக்கொரு தடவை நட்ட இடத்தில் உப்புநீர் தெளித்தேன். பிடரியிலிருந்து கசிவு வரும் என்பதால் பழைய துண்டு ஒன்றை விரித்திருந்தோம். மூன்றாம் நாள் காலை கண்ணாடியில் பார்த்துவிட்டு அலறினான். நெற்றியில் ஏற்றிய திரவம் கீழிறங்கி, இமை இரண்டும் பணியாரம் மாதிரி வீங்கிவிட்டன. இரண்டு மூன்று நாளில் தானே வடியும் என்றால் நம்புகிறானா? பொருக்கு கட்டி அரிக்க ஆரம்பித்தது. தூக்கத்தில் சொறிந்துவிடுவானோ என்று எனக்குத்தான் தூக்கம் போனது. பத்தாம் நாள் பக்கம் கொத்துகள் தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அன்று ஷாம்பு நுரையை ஊறவைத்து, விரல் நுனியால் மெதுவாகத் தேய்த்துப் பொருக்கை எடுத்தோம். பொருக்கோடு சின்னச் சின்ன முடியும் வந்தது. "எல்லாம் போச்சு சித்தி!" என்று உட்கார்ந்துவிட்டான். வந்தது தண்டுதான், வேர் உள்ளே இருக்கிறது. ரத்தம் வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ஹெல்மெட் போட வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை வைத்துக்கொண்டு வெறுந்தலையோடு வண்டியை எடுத்தான். சாவியைப் பிடுங்கிக்கொண்டு பஸ்ஸில் அனுப்பினேன். எண்ணெய்க் குளியல் ஒரு மாதத்துக்கு இல்லை. சிகரெட்டை முன்கூட்டியே நிறுத்தியிருந்தான். நிகோட்டின் ரத்த ஓட்டத்தைச் சுருக்கும், நட்ட இடத்தின் தோலே கருகிப்போகும் ஆபத்து உண்டு. பெரிய செஷனில் துளைகள் நெருக்கம் என்பதால் அந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

இரண்டாம் வாரத்துக்குப் பிறகு நட்ட முடி கொட்டும். இரண்டு மாதத்தில் பழைய வழுக்கையே திரும்பிவிடும், சிலருக்கு முன்பைவிட மோசமாகவே தெரியும். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னால் செய்துகொள்ள வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். நட்ட நாற்றும் முதலில் வாடிப் பழுத்துத்தான் பச்சை பிடிக்கும். மூன்று நான்கு மாதத்தில் பூனைமுடி எட்டிப்பார்க்கும், கூடவே பருக்களும் வரலாம். பார்க்கிற மாதிரி ஆக ஒரு வருஷம், உச்சந்தலைக்கு இன்னும் சில மாதம். அவனுக்கு ஐந்தாம் மாதம் முடி வெட்டுகிற அண்ணன்தான் முதலில் கவனித்தாராம்: "என்ன தம்பி, முன்னாடி ஏறியிருக்கு?"

அக்கா இதற்கிடையில் பழனிக்கு நேர்ந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. 14-ஆம் மாதம் முழு மொட்டையோடு, சந்தனம் பூசி, பஞ்சாமிர்த டப்பாவோடு என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். வேருக்கு ஒன்றும் ஆகாது, திரும்ப முளைக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் அத்தனை நாள் காவல் காத்தவளுக்கு வயிறு பற்றிக்கொண்டு வந்தது. அக்கா என்னைப் பார்க்காமல் நேராகச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

"திரும்புடா" என்றேன். ஜன்னல் பக்கம் நிறுத்தி, சந்தனத்தைத் துடைத்துவிட்டுப் பிடரியைப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். கடுகில் பாதி அளவு வெள்ளைப் புள்ளிகள், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது. எண்ண ஆரம்பித்தேன், எட்டுக்கு மேல் என்னால் எண்ண முடியவில்லை.