எலி வளையும் மாநாட்டு மண்டபமும்

(வளைகுடாப் பகுதித் தமிழர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, தம் அலுவல்களுக்கிடையே சாக்ரமெண்டோவிலிருந்து காரோட்டி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, எனக்கு முன்பு பேசி இந்த அவையைக் கட்டிப்போட்ட பேராசிரியர் அவர்களே, தமிழ்ப் பள்ளி ஆசிரியப் பெருமக்களே, காலை ஐந்து மணியிலிருந்து அடுப்படியில் நின்று நம் அனைவருக்கும் பொங்கலும் வடையும் செய்துதந்த தாய்மார்களே, ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் பெரியவர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்குப் பொன்னாடை போர்த்திய மூத்த அன்பரின் கைகளில் இருந்த நடுக்கத்தை நான் உணர்ந்தேன். அந்தக் கைகளுக்கு முதலில் என் நன்றி.

சான் பிரான்சிஸ்கோவின் பெரிய மாநாட்டு மண்டபமான மாஸ்கோனி மையத்தைப் பற்றி மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன்: அதைக் கட்டிய விதம், அதற்கு முன்பு அங்கே வாழ்ந்தவர்களின் கதை, அதனால் நகரத்துக்குக் கிடைக்கும் வருவாய். ‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்று நம் முன்னோர் சொன்னதை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இந்த அரங்கில் இருப்பவர்களில் பாதிப்பேராவது கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு அந்த மண்டபத்துக்குள் நடந்திருப்பீர்கள். 1984இல் ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடு கூடி, ஜெரால்டின் ஃபெராரோ என்ற பெண்மணியைத் துணை அதிபர் வேட்பாளராக நிறுத்தியது அங்கேதான். 2007 ஜனவரியில் ஐஃபோனை உலகுக்குக் காட்டியதும் அங்கேதான். 1981இல் திறக்கப்பட்ட தெற்கு மண்டபத்தின் பெரிய கூடம் நிலத்துக்குள் இறக்கிக் கட்டப்பட்டது. நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல், வில்லாக வளைந்த கான்கிரீட் விட்டங்கள் கூரையைத் தாங்குகின்றன. 1992இல் வடக்கு மண்டபமும் 2003இல் மேற்கு மண்டபமும் சேர்ந்தன. வடக்கு மண்டபத்தின் தலைக்கு மேல் எர்பா புவெனா பூங்காவின் புல்வெளி விரிந்து கிடக்கிறது.

அந்தப் புல்வெளியில்தான் 1998இல் எனக்கு அந்தச் சந்திப்பு நேர்ந்தது. ஜாவாஒன் என்ற கணினி நிரலாளர் மாநாட்டுக்காக நான் போயிருந்தேன். நண்பகல் இடைவேளையில் கையில் ரொட்டிப் பொட்டலத்துடன் மேலே ஏறி வந்தேன். மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருக்கும். எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர் புல்லின் நடுவே நின்று, மிஷன் தெருவுக்கு அப்பால் இருக்கும் புனித பேட்ரிக் தேவாலயத்தின் செங்கல் கோபுரத்தைப் பார்ப்பதும், பக்கவாட்டில் நான்கடி நகர்வதும், மறுபடி கோபுரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். எதையோ தொலைத்துவிட்டார் என்று எண்ணி, உதவி வேண்டுமா என்று கேட்டேன். “நான் எதையும் தேடவில்லை, இருக்கும் இடம் எனக்குத் தெரியும். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், நீங்கள் என் கட்டிலின் மேல் நிற்கிறீர்கள்” என்றார்.

நான் தள்ளி நின்றேன். அவர் கைத்தடியின் நுனியால் ஈரப்புல்லில் கோடு கிழித்தார். இது கட்டில், இது மேசை, இது கோட்டு மாட்டும் ஆணி இருந்த சுவர், இது ஜன்னல். குளிர்சாதனப் பெட்டி இல்லாததால் பாலையும் வெண்ணெயையும் ஜன்னலுக்கு வெளியே விளிம்பில் வைப்பாராம். கடற்பறவைகள் கொத்தாமலிருக்க மேலே ஒரு தகரத் தட்டைக் கவிழ்த்து வைப்பாராம். கப்பல் துறையில் மூட்டை சுமந்து ஓய்வுபெற்றவர். மனைவி மக்கள் இல்லை. முன்பு அந்த இடத்தில் இருந்த ஒரு விடுதியின் மூன்றாம் மாடியில் மாத வாடகைக்கு பதினொரு ஆண்டுகள் இருந்திருக்கிறார். சுற்றிலும் எல்லாவற்றையும் இடித்துவிட்ட பிறகு, ஜன்னலிலிருந்து தினமும் பார்த்த அந்தக் கோபுரம் ஒன்றுதான் அவர் அறை இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க மிஞ்சிய அடையாளம். அன்று பிற்பகல் நான் மண்டபத்துக்குள் திரும்பிப் போய் உட்கார்ந்தேன்; மேடையில் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பதன் பொருளை ஐம்பது வயதில் எனக்குப் புரியவைத்தவர் அவர்.

இந்த மண்டபத்தையும் உள்ளடக்கிய நகர மறுசீரமைப்புத் திட்டத்துக்காக, அவரைப் போல ஏறத்தாழ 4,000 பேர் அந்த வட்டாரத்தை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் தனித்து வாழ்ந்த முதியவர்கள். அத்திட்டத்தை நடத்திய நகர மறுசீரமைப்பு முகமையின் தலைவராக இருந்த ஜஸ்டின் ஹெர்மன், ஏழைகளை விட்டுவைக்க முடியாத அளவுக்கு விலைமதிப்புள்ள நிலம் இது என்று பொருள்படச் சொன்னதாக இன்றளவும் எடுத்துக்காட்டப்படுகிறது. 1969இல் அந்த விடுதிகளில் இருந்தவர்களே கூடிச் சங்கம் அமைத்தார்கள். அலாஸ்கா மீன் ஆலைத் தொழிலாளர்களின் சங்கத்தை முன்பு நடத்திய ஜார்ஜ் வுல்ஃப், எண்பது வயதை ஒட்டிய நிலையில் அதற்குத் தலைமை ஏற்றார். கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போய், மாற்று வீடு தராமல் எங்களை அசைக்கக் கூடாது என்று வாதாடி, திட்டத்தின் வேலையை நிறுத்திவைத்தார்கள். 1973இல் உடன்பாடு வந்தது: தங்கும் விடுதிகள் மீதான வரியை உயர்த்தி, அந்தப் பணத்தில் குறைந்த வாடகை வீடுகள் கட்ட வேண்டும், கட்டும் உரிமை குடியிருந்தவர்களின் அமைப்புக்கே. வுல்ஃப் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. ஆனால் 1979இல் திறக்கப்பட்ட முதல் கட்டடத்துக்கு வுல்ஃப் இல்லம் என்று பெயர். புல்வெளியில் நான் கண்ட பெரியவர் அங்கேதான் குடியிருந்தார். கைத்தடியூன்றி நடந்து வரும் தூரம்.

மண்டபத்தின் பெயருக்கு உரிய ஜார்ஜ் மாஸ்கோனி, 1960களில் நகர மன்றம் போன்ற மேற்பார்வையாளர் குழுவில் இருந்தபோது, முதியோரும் ஏழைகளும் விரட்டப்படுவார்கள் என்று சொல்லி இத்திட்டத்தை எதிர்த்தவர். மேயரான பின்பு இரு தரப்பாரையும் ஒரே குழுவில் உட்காரவைத்துப் பேசச் செய்தார். 1976 நவம்பரில் மண்டபம் கட்ட நகர மக்கள் வாக்களித்து ஒப்புதல் தந்தார்கள். 1978 நவம்பர் 27 அன்று அவர் தம் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

வருவாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதை இன்னொரு நாள் சொல்கிறேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், எனக்கோ அதைவிட அவசரமான ஒரு வேண்டுகோள் இருக்கிறது. நாம் வாழும் சிற்றூர்களின் நகர மன்றங்களில், முதியோருக்குக் குறைந்த வாடகைக் குடியிருப்பு என்ற திட்டம் வரும்போதெல்லாம், வாகன நெரிசல் என்றும் வீட்டு மதிப்பு குறையும் என்றும் ஒலிபெருக்கியின் முன் எழுந்து நின்று தடுப்பவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். இதை மிகுந்த மனவேதனையோடு சொல்கிறேன். இங்கே அமர்ந்திருக்கும் உங்கள் தாய் தந்தையர் நாளை மகன் வீட்டு மாடி அறையில் ஒண்டிக்கொண்டுதான் இருக்க வேண்டுமா? எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு இருக்காதா?

வாசலுக்கு இடப்புற மேசையில் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். பொது நிலத்தில் முதியோர் குடியிருப்புக்கு இடம் ஒதுக்கக் கேட்கும் மனு அது. உங்கள் நகர மன்றம் அடுத்துக் கூடும் நாளும் நேரமும் ஊர்வாரியாக அதன் பின்பக்கத்தில் அச்சிடப்பட்டுள்ளன. கையெழுத்திடுங்கள், அந்த நாளில் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயங்குபவர்களுக்காக மொழிபெயர்க்க நான் அருகில் நிற்பேன். வாய்ப்பளித்த சங்கத்தாருக்கும் பொறுமையுடன் கேட்ட உங்களுக்கும் நன்றி, வணக்கம்.