கிரிட்லாக்: மீன் சுடும் தட்டியிலிருந்து வந்த சொல்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கிரிட்லாக். ஒரு மசோதா நகரவில்லை, பேச்சுவார்த்தை நகரவில்லை என்றால் ஆங்கிலச் செய்திகளில் இந்தச் சொல் வந்துவிடும். தமிழில் முட்டுக்கட்டை என்று எழுதிவிட்டுப் போகிறோம். எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை.

முதலில் கிரிட். இறைச்சியையும் மீனையும் தணலில் வைத்துச் சுடும் இரும்புக் கம்பித் தட்டிக்கு ஆங்கிலத்தில் கிரிடயர்ன் என்று பெயர். அது சுருங்கித்தான் கிரிட் ஆனது. நியூயார்க்கின் மன்ஹாட்டனுக்கு 1811-இல் தெருத் திட்டம் போட்டபோது, நெடுக்கே 12 பெரிய சாலைகள், குறுக்கே 155 தெருக்கள் என்று கோடு கிழித்தார்கள். வரைபடத்தைப் பாருங்கள், அதே கம்பித் தட்டிதான்.

அடுத்தது லாக், அதாவது பூட்டு. அந்தத் தெருத் தட்டி எப்படிப் பூட்டிக்கொள்கிறது? பச்சை விளக்கு எரிகிறது. எதிரே இடமில்லை, ஆனாலும் ஒரு கார் சந்திப்புக்குள் நுழைந்து நடுவில் நின்றுவிடுகிறது. விளக்கு மாறுகிறது. இப்போது குறுக்கே போகிறவர்களுக்குப் பச்சை, ஆனால் வழியில் அந்தக் கார். அவர்களுடைய வரிசை பின்னால் வளர்ந்து அடுத்த சந்திப்பை அடைக்கிறது. அங்கே மாட்டியவர்களின் வரிசை அதற்கடுத்த சந்திப்பை. இப்படி நாலு மூலையும் சுற்றி வந்தால், கடைசி வரிசையின் வால் அந்த முதல் காருக்கு முன்னாலேயே வந்து நிற்கும். எந்த வரிசை நகர வேண்டும் என்று அந்தக் காரை ஓட்டுபவர் காத்திருக்கிறாரோ, அந்த வரிசை அவர் நகரக் காத்திருக்கிறது! இனி எந்த விளக்கு பச்சையானாலும் பயனில்லை. கணினி படித்தவர்களுக்கு டெட்லாக் பாடம் நினைவுக்கு வரும். அதே வட்டம்தான்.

1980 ஏப்ரலில் நியூயார்க்கின் பேருந்து, சுரங்க ரயில் ஊழியர்கள் 11 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எல்லோரும் காரை எடுத்தால் ஊரே பூட்டிக்கொள்ளும் என்று போக்குவரத்துப் பொறியாளர்கள் பயந்தார்கள். அவர்களுக்குள் புழங்கிய சொல் அந்த நாட்களில்தான் பொதுமக்கள் வாயில் ஏறியது. அதைப் பரப்பிய பொறியாளர் சாம் ஸ்வார்ட்ஸுக்கு கிரிட்லாக் சாம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அப்புறம் அது வாஷிங்டன் அரசியலுக்கும் போனது.

சரி, முட்டுக்கட்டைக்கு வருவோம். தேர்ச் சக்கரத்துக்கு அடியில் கட்டை போட ஒரு ஆள் இருப்பார். அவர் எடுத்தால் தேர் ஓடும். இழுபறி என்றால் இரண்டு பக்கம் உண்டு. 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாள் அமெரிக்க அரசின் ஒரு பகுதி மூடிக் கிடந்ததே, எல்லைச் சுவருக்குப் பணம் கேட்ட அதிபர் ஒரு பக்கம், தர மறுத்தவர்கள் மறு பக்கம், அதற்கு இழுபறி என்ற சொல் போதும். கிரிட்லாக்கில் கட்டை போட்டவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. யாரைக் கேட்டாலும் முன்னால் நிற்பவரைத்தான் காட்டுவார்.

நான் சுற்றுப்பூட்டு என்று எழுதிப் பார்க்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் உங்களிடம் இருந்தால் கீழே எழுதுங்கள், அடுத்த காணொளியில் அதையே பயன்படுத்துகிறேன்.