40 ரூபா பேட்டரி தீர்ந்ததுக்கு ரெண்டு ஓஎஸ்ஸும் போச்சுன்னு சொல்லிட்டாங்க!

வணக்கம்ங்க, வாங்க வாங்க. கீபோர்டு கழுவற வீடியோ போடறேன்னு சொல்லியிருந்தேன், அது இன்னைக்கு இல்லீங்க. நேத்து முதலமடைல அக்கா வீட்டுல ராத்திரி 11 மணி வரைக்கும் ஒரு கம்ப்யூட்டரோட மல்லுக்கட்டிட்டு வந்திருக்கேன். அதைச் சொல்லி முடிக்காம எனக்கு வேற பேச்சே வராது.

அந்த சிஸ்டத்தை உங்களுக்குத் தெரியும். ஒரே டிஸ்க்ல ரெண்டு ஓஎஸ், அதாவது கம்ப்யூட்டரை ஓட்டற அடிப்படை சாஃப்ட்வேர், போட்டுக் காட்டினேனே, அதேதான். விண்டோஸ் மாமாவுக்கு, மாங்கா மண்டி கணக்கு பூரா அதுலதான். லினக்ஸ் அக்கா பொண்ணு பாப்பாவுக்கு. அவ பத்தாவது, தமிழ் மீடியம். கேரளாவுல ஸ்கூல் ஐடி பாடம் பூரா லினக்ஸ்லதானுங்க, கைட்டுன்னு கவர்மென்ட்டே உபுண்டுங்கற லினக்ஸ் வகை மேல கட்டின ஓஎஸ் குடுக்குது. ஜிம்ப், இங்க்ஸ்கேப், பைத்தான், எல்லாம் அதுல வச்சுத்தான் பிராக்டிகல். வாளையாறு பார்டர் தாண்டி தமிழ்நாட்டுல இருக்கற சொந்தக்காரங்க இதைக் கேட்டா நம்பவே மாட்டேங்கறாங்க, எனக்கு அதுல அவ்வளவு பெருமை.

அக்கா போன் பண்ணி, "தம்பி, சிஸ்டம் செத்துப்போச்சுங்கறாங்கடா"ன்னாங்க. மாமா அதைத் தூக்கிட்டு டவுன்ல ஒரு கடைக்குப் போயிருக்காரு. எந்தக் கடைன்னு நான் சொல்ல மாட்டேன். ஹார்டு டிஸ்க் அவுட்டு, புதுசு போடணும், பழைய கணக்கு எதுவும் கிடைக்காது, 3,800 ரூபா ஆகும்னு சொல்லியிருக்காங்க. மாங்கா சீசன்ல கணக்கு போயிருச்சுன்னா அந்த மனுசனுக்கு எப்படி இருக்கும்? கேபினெட்டைத் திறந்துகூடப் பார்க்கலீங்க! டிஸ்பிளேல வந்த ஒரு வரியைப் படிச்சுட்டு சொன்ன ரேட்டு அது.

அந்த வரி என்னன்னா, 'ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்'. டிஸ்க் செத்துப்போச்சுன்னு அதுல எங்க இருக்கு? பூட் பண்ற மாதிரி, அதாவது ஓஎஸ்ஸைக் கிளப்பற மாதிரி, எதுவும் என் கண்ணுல படலைன்னு மதர்போர்டு சொல்லுது, அவ்வளவுதான். பயாஸ்குள்ள, அதாவது போர்டோட சொந்த செட்டிங் ஸ்கிரீனுக்குள்ள, போய்ப் பார்த்தா டிஸ்க் பேரு சைஸோட ஜம்முனு நிக்குது. ஆனா தேதி 2013. அதைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டுச்சு.

"மாமா, காலைல ஆன் பண்ணும்போது எஃப் 1 அமுக்கச் சொல்லிக் கேட்டுச்சா?"ன்னேன். "ஆமா மாப்ள, ஒரு மாசமா கேக்குது, நானும் அமுக்கிட்டே இருந்தேன்"ங்கறாரு.

இதோ பாருங்க, கைலயே கொண்டாந்திருக்கேன். சிஆர் 2032. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், அதைத்தான் நம்பரா வச்சிருக்காங்க. பழைய ஒரு ரூபா காசு மாதிரி இருக்கு, ஓரத்துல பாருங்க, வெள்ளையா பூத்திருக்கு. 3 வோல்ட் இருக்கணும். மீட்டர் வச்சா 1.7. ராத்திரி கரண்ட் பிளக்கைப் பிடுங்கிட்டா கடிகாரத்தையும் பயாஸ் செட்டிங்கையும் காப்பாத்தறது இதுதான். இது தீர்ந்துட்டா போர்டு ஃபேக்டரில இருந்து வந்த நிலைக்குப் போயிரும்.

புதுசு எங்க வாங்கினேன் தெரியுங்களா? வாட்ச் ரிப்பேர் கடைல. 40 ரூபா. நான் 50 குடுத்தேன், பத்து ரூபா மீதி குடுத்தாரு, பழைய பேட்டரியை அவரே வாங்கி மீட்டர்ல வச்சுக் காமிச்சாரு. அந்த மீட்டர்தான் இப்ப சொன்னேனே, 1.7. நாற்பது எங்க, மூவாயிரத்து எண்ணூறு எங்க! வர்ற வழி பூரா பைக்ல இதையேதான் சொல்லிட்டு வந்தேன்.

சரி, பேட்டரி போட்டாச்சு, தேதி போட்டாச்சு. அப்பவும் பூட் ஆகலை. ஏன்னா பழைய போர்டு, அதோட ஃபேக்டரி செட்டிங் லெகசி மோடு, அதாவது பூட் பண்ற பழைய முறை. நான் போட்டிருக்கறது யூஇஎஃப்ஐங்கற புது முறை. பூட் மோடை யூஇஎஃப்ஐக்கு மாத்தி சேவ் பண்ணேன், விண்டோஸ் வந்துருச்சு. மாமா கணக்கு ஃபோல்டரைத் திறந்து பார்த்துட்டு சேர்ல சாஞ்சு உக்காந்துட்டாரு. ஆனா பாப்பா பக்கத்துலயே நிக்கறா. "மாமா, என்னோடது?"ன்னு என்கிட்ட கேக்கறா. லினக்ஸ் மெனு வரவே இல்லை. பூட் லிஸ்ட்ல விண்டோஸ் பூட் மேனேஜர் மட்டும்தான் இருக்கு, உபுண்டுங்கற பேரே காணோம்.

இந்த இடத்துலதான் நிறையப் பேரு லினக்ஸை மறுபடி இன்ஸ்டால் பண்ணி இருக்கறதையும் அழிச்சுக்கறாங்க. பண்ணாதீங்க! லினக்ஸ் இருந்த இடத்துலயேதான் இருக்கு. போர்டு அதோட அட்ரஸை மறந்துருச்சு, எழுதிக் குடுக்கணும்.

என் கருப்பு பென்டிரைவ் தெரியுமில்ல, இன்ஸ்டால் பண்ணாமலே ஓடற உபுண்டு லைவ் வச்சது, அதைச் சொருகி பூட் பண்ணேன். அந்த அட்ரஸை எழுதற கமாண்டு பேரு ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர். மேனேஜரைத்தான் சுருக்கி எம்ஜிஆர்னு வச்சிருக்காங்க, ஆனா எனக்கு அடிக்கும்போதெல்லாம் நம்ம எம்ஜிஆர்தான் ஞாபகம். அவர் குடும்பத்துப் பூர்வீக வீடு இந்தப் பக்கம் வடவன்னூர்ல தானுங்களே. அடிச்சா, 'ஈஎஃப்ஐ வேரியபிள்ஸ் இந்த சிஸ்டத்துல சப்போர்ட் இல்லை'ன்னு எரர். முக்கால் மணி நேரம்ங்க! கமாண்டை மாத்தி மாத்தி அடிச்சு, முன்னாடி சூடோன்னு அட்மின் அனுமதி போட்டு, போடாம… கடைசில பார்த்தா பென்டிரைவே லெகசில பூட் ஆகியிருக்கு. பூட் மெனுவுல ஒரே பென்டிரைவ் ரெண்டு தடவை வரும், முன்னாடி யூஇஎஃப்ஐன்னு போட்டிருக்கறதைத்தான் எடுக்கணும்.

அதை எடுத்து உள்ள வந்து, எல்எஸ்பிஎல்கே கமாண்டு அடிச்சு பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கைப் பிரிச்சு வச்ச பாகங்களை, பார்த்தேன். 100 எம்பில ஒரு குட்டி ஃபேட் 32 பார்ட்டிஷன் இருக்கும், பூட் ஃபைல் எல்லாம் அங்கதான். மவுன்ட் பண்ணி ஈஎஃப்ஐ ஃபோல்டரைத் திறந்தா மூணு ஃபோல்டர்: பூட், மைக்ரோசாஃப்ட், உபுண்டு. உபுண்டுவைப் பார்த்ததும் பாப்பா கை தட்டிட்டா. கைட்டுன்னாலும் உள்ள பேரு உபுண்டுதான். அதுக்குள்ள ஷிம்எக்ஸ்64னு உபுண்டுவைக் கிளப்பற ஒரு ஃபைல், அதைக் காட்டி பூட் லிஸ்ட்ல புது என்ட்ரி போடணும். மைனஸ் சி புதுசு உண்டாக்க, மைனஸ் டி எந்த டிஸ்க், மைனஸ் பி எத்தனாவது பார்ட்டிஷன், மைனஸ் எல் ஃபைல் இருக்கற பாதை. பாதைல சாய்கோடு விண்டோஸ்ல வர்ற மாதிரி பின்னாடி சாஞ்சது, மொத்தத்தையும் மேற்கோளுக்குள்ள போடுங்க.

ஐயோ, மைனஸ் பியைச் சொல்லியே ஆகணும். அதைப் போடாம விட்டா முதல் பார்ட்டிஷன்னு எடுத்துக்கும். இந்த டிஸ்க்ல முதல்ல விண்டோஸ் ரெக்கவரி, ரெண்டாவதுதான் அந்த 100 எம்பி. நான் முதல் தடவை விட்டுட்டேன், என்ட்ரி வந்துச்சு, ஆனா பூட் ஆகலை. அதை அழிச்சுட்டு 2ன்னு போட்டு ரீஸ்டார்ட் பண்ணேன். ஊதாக் கலர்ல மெனு, உபுண்டுவும் விண்டோஸும் ஒண்ணுக்கு மேல ஒண்ணு! மணி 10:20.

அப்புறமும் 11 வரை ஏன் இருந்தேன்னா, லினக்ஸ்ல இருந்து விண்டோஸுக்குப் போனா மணி அஞ்சரை மணி நேரம் பின்னாடி காட்டுது. லினக்ஸ் போர்டு கடிகாரத்துல யுடிசி, அதாவது உலகப் பொது நேரம், எழுதும், விண்டோஸ் அதையே நம்ம ஊர் நேரம்னு படிச்சுக்கும். மத்தவங்களுக்கு இது சின்ன விஷயம். மாமாவுக்கு விடியக்காலை 4 மணிக்கு லோடு ஏறும், அப்ப போடற பில்லுல முந்தின நாள் தேதி விழுந்துரும். லினக்ஸும் ஊர் நேரத்தையே எழுதற மாதிரி மாத்த ஒரு கமாண்டு: டைம்டேட்சிடிஎல், செட் லோக்கல் ஆர்டிசி 1. ஒரே வரி, சரியாயிருச்சு.

பாப்பா பேட்டரி மாத்துன தேதியை நோட்டு லேபிள்ல எழுதி கேபினெட்டுக்கு உள்பக்கம் ஒட்டிட்டா. நான் இத்தனை சிஸ்டம் திறந்திருக்கேன், எனக்கு அது தோணவே இல்லீங்க. கீபோர்டு வீடியோ ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வரும், பார்க்கலாம்ங்க.