மாடியில் ஊற்றிய ஒரு குடம் தண்ணீர்

நேயர்களுக்கு என் வணக்கம்.

வேலூர் சத்துவாச்சாரியில் மலையடிவாரத்துப் பக்கம் ஒரு தெருவில் இருக்கிறது எங்கள் வீடு. 1986-இல் என் மாமனார் கட்டியது. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டு மராமத்தில் எனக்குக் கிடைத்த அனுபவத்தைச் சொல்லும்படி நிலையத்தார் கேட்டார்கள். எனக்குச் சொல்ல இருப்பது ஒரே ஒரு மொட்டைமாடியின் கதைதான். ஆனால் அந்த மாடியைச் சரிசெய்வதற்குள் எங்கள் தெருவே அதில் கலந்துகொண்டது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

2020 நவம்பரில் நிவர் புயல் கரையைக் கடந்த இரவு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அன்றைக்குத்தான் எங்கள் படுக்கையறை கூரையில் முதல் சொட்டு விழுந்தது. ஒரு குண்டானை வைத்தோம். விடிவதற்குள் மூன்று பாத்திரம் மாற்றும்படி ஆனது. எங்கள் ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலில் காங்கிரீட் விரிகிறது, ராத்திரியில் சுருங்குகிறது. முப்பத்தைந்து வருஷம் அப்படி விரிந்து சுருங்கிய மாடியில் தட்டோடுகளுக்கு நடுவே பூசிய சாந்து உதிர்ந்துபோயிருந்தது. அந்தச் சந்து வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

அடுத்த கோடையில் ஒரு கான்ட்ராக்டரைப் பிடித்தோம். தெரிந்தவருக்குத் தெரிந்தவர். மாடியை ஐந்து நிமிஷம் சுற்றிப் பார்த்தார். "கெமிக்கல் கோட்டிங் அடிச்சிடலாம் மேடம், பத்து வருஷத்துக்குக் கவலையில்ல" என்றார். நான் நம்பினேன். பதினெட்டாயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்தேன். கையெழுத்து வாங்கவில்லை, ரசீதும் வாங்கவில்லை. இரண்டு பையன்கள் வந்தார்கள். பழைய ஓட்டின் மேல் பாசி இருந்தது, சில ஓடுகள் காலால் மிதித்தாலே ஆடின. அதையெல்லாம் எடுக்காமல் அதன் மேலேயே வெள்ளைப் பூச்சை அடித்துவிட்டு மூன்றாம் நாள் போய்விட்டார்கள். மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டார் கான்ட்ராக்டர்.

அந்தப் பூச்சையே நான் குறை சொல்லவில்லை. சுத்தமான, காய்ந்த, ஆடாத தளத்தின் மேல் அடித்தால் அது நன்றாகவே உழைக்கும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஆடுகிற ஓட்டின் மேல் அடித்தால் ஓடு ஆடும்போது பூச்சும் சேர்ந்து கிழியும். எங்கள் மாடியில் அதுதான் நடந்தது.

2021 நவம்பர் வந்தது. பாலாறு இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. வறண்ட மணலாகவே ஆற்றைப் பார்த்துப் பழகியவர்கள் பாலத்துப் பக்கம் கூட்டம் கூட்டமாகப் போய் நின்றார்கள். எங்கள் வீட்டில் மறுபடியும் குண்டான் வைத்தோம். ஆனால் இந்தத் தடவை என்னைச் சுட்டது எங்கள் வீட்டுச் சொட்டு இல்லை.

கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் உருது பேசுகிறவர்கள். அந்த அம்மாளை நான் பாபி, அதாவது உருதுவில் அண்ணி, என்று கூப்பிடுவேன், அவர் என்னை டீச்சர் என்பார். இருபத்தாறு வருஷப் பழக்கம். எங்கள் இரண்டு வீட்டுச் சுவரும் ஒட்டினாற்போல இருக்கும், நடுவில் ஒரு சாண் சந்துகூடக் கிடையாது. மழை விட்ட ஒரு மத்தியானம் அவர் வந்து வாசற்படியிலேயே நின்றார்.

"டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. மாமியோட கட்டிலை நகர்த்திட்டேன். செவுத்துல கை வச்சா ஈரம் ஒட்டுது."

போய்ப் பார்த்தேன். அவருடைய மாமியாருக்கு அப்போது எண்பது வயதுக்கு மேல், எழுந்து நடமாட முடியாதவர். கட்டில் இருந்த இடத்துக்கு மேலே சுவரில் ஓதம் ஏறி, ஒரு ஆள் உயரத்துக்குச் சுண்ணாம்பு பொரிந்து நின்றது. நகத்தால் தொட்டேன், பொலபொலவென்று கையில் கொட்டியது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். ரெண்டு வாரம் என்றார். இரண்டு வாரமும் அவர் வாய் திறக்கவில்லை. நான் வருத்தப்படுவேனே என்று பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் பொறுமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கனக்கிறது.

கான்ட்ராக்டருக்குப் போன் செய்தேன். முதல் இரண்டு தடவை நாளைக்கு வருகிறேன் என்றார். அப்புறம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. என்னிடம் காட்ட ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், நேயர்களே. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, அடுத்த ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வீடு கட்டும் வேலையும் அதில் சேவை என்றுதான் சொல்லப்பட்டிருக்கிறது. குறை ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. இவ்வளவு வசதி இருந்தும் எனக்கு அது உதவவில்லை. என்ன வேலை, என்ன பொருள், எத்தனை சதுர அடி, எவ்வளவு பணம் என்று நாலு வரி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தால் நிலைமை வேறு. வாழ்நாளெல்லாம் பிள்ளைகளிடம் "வழிமுறையை எழுதிக் காட்டு" என்று கேட்டவள் நான். அதை என் வீட்டுக்குச் செய்யத் தவறிவிட்டேன்.

எங்கள் தெருமுனையில் துணி தேய்த்துக்கொடுக்கிறவர்தான் வழி காட்டினார். ஒடுகத்தூர்ப் பக்கத்து மேஸ்திரி ஒருவரை, நல்ல வயசானவரை, கூட்டிவந்தார். வந்தவர் மாடிப்படியில் ஏறும்போதே, "அம்மா, ஒரு கொடம் தண்ணி வேணும்" என்றார். குடிக்கக் கேட்கிறார் என்று நினைத்துச் சொம்பில் கொண்டுபோனேன். "குடிக்க இல்லம்மா, மாடியில ஊத்த" என்றார்.

மேற்கு மூலையில் நின்று குடத்தை மெதுவாகச் சாய்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் தெரியுமா? கால் மணி நேரம் இருக்கும். ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர், மாடியிலிருந்து மழைநீர் வெளியேறும் துவாரமான தூம்பை நோக்கித்தான் ஓடியது. கிட்டே போனதும் தயங்கி நின்றது. நின்று தேங்கி, அப்புறம் கிழக்கே திரும்பியது. கிழக்கு மூலையில் கைப்பிடிச்சுவரும் தளமும் சேருகிற இடத்தில் ஒரு கோடு போல வெடிப்பு. தண்ணீர் அதற்குள் போய்க் காணாமல் போனது.

அவர் தூம்பு வாயை விரலால் தடவிக் காட்டினார். கோட்டிங் அடித்தவர்கள் அந்த இடத்தில் கனமாக அப்பியிருந்தார்கள். ஒரு விரல் கனம் மேடு. அந்த ஒரு விரல் மேடுதான் எங்கள் மாடித் தண்ணீரையெல்லாம் பாபி வீட்டுச் சுவருக்குத் திருப்பிவிட்டிருந்தது. "வாட்டம் போச்சுன்னா எல்லாம் போச்சும்மா" என்றார் பெரியவர். தண்ணீர் வழிந்தோடத் தளத்துக்குக் கொடுக்கும் சரிவைத்தான் வாட்டம் என்கிறார்.

பழைய தளத்தை முழுக்கப் பெயர்த்துவிட்டு, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கும் 'சுருக்கி' தளம் போட்டு, மேலே தட்டோடு பதிக்கலாம் என்பது அவருடைய யோசனை. செலவு அதிகம்தான். ஆனால் அவர் சொன்ன கணக்கு ஒவ்வொன்றும் எனக்குப் புரிந்தது. 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு சுண்ணாம்பு. மணல் ஒரு பிடிகூடச் சேர்க்கக் கூடாது. பத்தடிக்கு இரண்டு அங்குலம் என்று தூம்பை நோக்கி வாட்டம். பணத்தை நாலு தவணையாகப் பிரித்தார். பெயர்த்த குப்பையை அள்ளிய பிறகு ஒன்று, சுருக்கி முடிந்ததும் ஒன்று, ஓடு பதித்ததும் ஒன்று. கடைசி ஐயாயிரம் ரூபாய், முதல் மழை பெய்து மாடி ஒழுகவில்லை என்று நான் பார்த்த பிறகு. இதை அவரே சொன்னார். அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டுப் பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

2022 மார்ச்சில் வேலை ஆரம்பம். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கமும் எதிரிலும் உள்ள வீடுகளுக்குப் போய்ச் சொன்னேன். எத்தனை நாள் இடிப்போம், ஜல்லியும் ஓடும் தெருவில் எங்கே கொட்டுவோம், தூசி எந்தப் பக்கம் பறக்கும் என்று. எதிர்வீட்டுப் பையனுக்குப் பிளஸ் டூ. பொதுத்தேர்வு அந்த வருஷம் மே மாதம். காலையில் ஒன்பதரைவரை உடைக்க வேண்டாம் என்று அவன் அம்மா கேட்டுக்கொண்டார். மேஸ்திரியும் அந்த நேரத்தில் சுண்ணாம்பு வேலையை வைத்துக்கொண்டார். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் எப்படிக் கொதிக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? ஆவி பறக்கும், ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் கிட்டே வராமல் துணி தேய்ப்பவர்தான் காவல் நின்றார்.

சுருக்கி அடித்ததை நான் மறக்கவே மாட்டேன். ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலத்துக்கு மேலாகப் பரப்பியதும், அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வந்த நாலு பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்தார்கள். கையில் தட்டையான மரக்கட்டை. கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்ட தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடித்தார்கள். மூன்று நாள் அடித்தார்கள். முதல் நாள் சத்தம் ஈரத் துணியைக் கல்லில் துவைப்பது போல மொத்தையாகக் கேட்டது. மூன்றாம் நாள் மத்தியானம் அதில் மூத்தவள் கையை நிறுத்தி, "போதும் மேஸ்திரி, சத்தம் மாறிடுச்சு" என்றாள். நான் காது கொடுத்துக் கேட்டேன். ஆமாம், கட்டை இப்போது கல்லில் பட்டது போல எகிறியது. அளவுகோல் இல்லாமல் காதாலேயே தளம் இறுகியதைக் கண்டுபிடித்த அந்தப் பெண்ணுக்குக் கூலி, கொத்தனார் கூலியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. சித்தாள் என்றால் அவ்வளவுதான் என்று காலம் காலமாக வைத்துவிட்டோம். இது நியாயமில்லை என்று நான் நினைக்கிறேன். அந்த மூன்று நாளுக்கு என்னால் ஆனதைக் கூட்டிக் கொடுத்தேன்.

பேச்சுவாக்கில் கேட்டபோது அவர்களில் இரண்டு பேரிடம் நலவாரிய அட்டை இல்லை. 1994-இலிருந்து தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயதுவரை பதிவு செய்துகொள்ளலாம். விபத்து நிவாரணம், பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, திருமண உதவி, வயதான பின் ஓய்வூதியம் எல்லாம் அதில் உண்டு. எதிர்வீட்டுப் பையனே ஒரு சாயங்காலம் உட்கார்ந்து அந்த இருவருக்கும் விண்ணப்பம் போட்டுக்கொடுத்தான். உங்கள் வீட்டில் வேலைக்கு வருகிறவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

ஓடு பதித்து முடித்ததும் பெரியவர் என்னிடம் ஒரு வாக்கு வாங்கினார். தளம் ஏழு நாளாவது காயாமல் ஈரமாக இருக்க வேண்டும், வெயில் ஏறுவதற்கு முன்னால் தண்ணீர் விட்டுவிட வேண்டும் என்று. சிமென்ட் சாந்து இறுகுவதற்குத் தண்ணீர் வேண்டும். நம் ஊர் ஏப்ரல் வெயில் அதை ஒரு மணி நேரத்தில் உறிஞ்சிவிடும். பாதி வீடுகளில் வேலை கெடுவது இந்த ஒரு வாரச் சோம்பலில்தான். எனக்கோ மூன்றாம் நாளே சென்னைக்குப் போக வேண்டி வந்தது, தங்கைக்கு உடம்பு சரியில்லை. சாவியைப் பாபியிடம் கொடுத்துவிட்டு, முடிந்தபோது கொஞ்சம் தண்ணீர் விடுங்கள் என்று சொன்னேன்.

நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தேன். மாடி குளிர்ச்சியாக இருந்தது. ஓரமெல்லாம் மண்ணைக் குழைத்து வரப்புக் கட்டி, தண்ணீர் தேங்கும்படி பாத்தி பிடித்திருந்தார்கள். ரம்ஜான் நோன்பு அப்போதுதான் தொடங்கியிருந்தது. விடியலுக்கு முன் சாப்பிடும் சஹர் உணவுக்கு எழுந்து சமைத்து, எல்லாருக்கும் போட்டு, தொழுகை முடித்த கையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் மாடி ஏறியிருக்கிறார் பாபி. வெயில் ஏறிய பிறகு நோன்போடு படி ஏற முடியாது என்பதால் அந்த நேரம். எங்கள் மாடியால் சுவர் நனைந்துபோனவர் அவர். எனக்குப் பேச்சே வரவில்லை. அன்று மாலை நோன்பு திறக்கிற நேரத்துக்குப் பேரீச்சம்பழமும் ஒரு பாத்திரம் பாலும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் வீட்டுச் சுவரைப் பூசித் தருகிறேன் என்று பல தடவை கேட்டேன். ஈரம் முழுசாகக் காயட்டும் என்று பெரியவர் தடுத்தார். ஓதம் உள்ள சுவரில் பூசினால் மறுபடியும் பொரியும் என்றார். கோடை முழுக்க அந்தச் சுவர் செங்கல் தெரியத்தான் நின்றது. பாபியும் பொறுத்துக்கொண்டார். மே மாதத்து இடிமழை ஒன்று அடித்துத் தீர்த்த மறுநாள் பெரியவர் கடைசித் தவணைக்காக வந்தார். பணத்தைத் தொடுவதற்கு முன் மாடியையும் பாபி வீட்டுச் சுவரையும் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார். ஜூலையில் சுவர் பூசினோம். செலவில் பாதியைத்தான் என்னிடம் வாங்கினார் பாபி, மீதியைக் கொடுக்க விடவில்லை.

அந்த வருஷம் டிசம்பர் 9-ஆம் தேதி ராத்திரி மாண்டஸ் புயல். காற்றும் மழையும் ஓய்கிறாற்போலில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி இருக்கும், போன் அடித்தது.

"டீச்சர், முழிச்சிருக்கீங்களா? சன்னல் கிட்ட வாங்க."

கதவைக் கொஞ்சம் திறந்து பார்த்தேன். அவர் வீட்டு சன்னலிலிருந்து ஒரு டார்ச் வெளிச்சம் எங்கள் தூம்பின் மேல் விழுந்தது. தண்ணீர் தூம்பு வழியாகக் கொட்டி, குழாயில் இறங்கி, மழைநீர்த் தொட்டிக்குள் சளசளவென்று போய்க்கொண்டிருந்தது.

"மாமி தூங்குறாங்களா?" என்று கேட்டேன்.

"பழைய எடத்துலயே கட்டிலைப் போட்டுட்டேன். நல்லா தூங்குறாங்க" என்றார் பாபி.